எடைக்கு எடை சீனி

என் வீட்டுக்காரர் பொய் சொல்வதில் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் விடாமல் சொல்வார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் தப்பு என்மேல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அதில் பாதியையாவது அவர் தலையில் கட்டாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அவர் பெயர் வைகுண்டராஜ். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் தராசு முள்ளையே பார்த்த கண். பொதியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்பார். தராசில் ஏற்றினால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். எடை விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. முதலாளிக்காகக்கூட ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. சீனி விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தால் பொய்தான்.

எண்பத்தாறில் அவருக்குச் சீனி வியாதி என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் ஸுந்தரராஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, ரெண்டே விஷயம். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இனிப்பை ஒரு நாளும் தொட விடக் கூடாது. உங்களை நம்பித்தான் விடறேன்" என்றார். அன்றைக்கு ஏறியது என் தோளில் அந்தப் பாரம். பன்னிரண்டு வருஷம் நான் பெண்டாட்டியாக இருந்தது கொஞ்சம், போலீஸாக இருந்தது அதிகம்.

பஞ்சு சாம்பிள் பொட்டலத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைச் சுருட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் சீட்டுக்கு அடியில் அச்சு வெல்லம் இருந்தது. மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொல்லித் தண்ணீரையும் குடித்துக் காட்டுவார். துளசிச் செடிக்கு மண் மாற்றும்போது பதினோரு மாத்திரை கிடைத்தது. கேட்டால், "செடிக்கு உரம்னு போட்டேன்" என்கிறார். அப்புறம் நானே மாத்திரையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்புவேன்.

சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் நான் மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒரு முழு லட்டை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் புடைத்துப்போய், எனக்குத் தெரியாது என்று நினைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் விரலை விட்டு நோண்டி எடுத்து இலையில் போட்டேன். பந்தியே சிரித்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அப்போது கொஞ்சமும் வெட்கமாக இல்லை. உயிரைக் காப்பாற்றுகிறவளுக்கு என்ன வெட்கம் என்று நினைத்தேன்.

இத்தனை காவலுக்கும் அவர் உடம்பு கேட்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். காலில் வந்த புண் எட்டு மாசமாக ஆறவில்லை. தொண்ணூற்றெட்டு வைகாசியில் முதலாளியே ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மெட்ராஸில் தனக்குச் சொந்தக்காரர் ஒருவர் சர்ஜன் என்றும், வயிற்றைத் தைத்துச் சின்னதாக்கி எடையைக் குறைக்கிற ஆபரேஷன் செய்கிறார் என்றும், அதனால் சீனியும் இறங்கும் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழிந்ததைத் தைப்பார்கள். நன்றாக இருக்கிற வயிற்றை எதற்குத் தைக்க வேண்டும்?

எடை கேட்டு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. ஸுந்தரராஜன் டாக்டர் வீட்டு மிஷின் நூற்று முப்பதோடு நின்றுவிடும். அதனால் கடையில் பஞ்சுப் பொதி போடுகிற பிளாட்பாரத் தராசில் அவரே ஏறி நின்று, அவரே முள்ளைப் பார்த்து, கணக்கு எழுதுகிறவரிடம், "நூத்தி நாப்பத்தாறு. சாக்கு கழிக்காம" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி வெள்ளத்தாயி, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அது பொய் இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஸுந்தரராஜன் டாக்டரிடம் சொல்லப் போனோம். மனுஷர் பேனாவை மேஜையில் போட்டார்.

"நேரத்துக்குச் சாப்பிடணும், நேரத்துக்கு மாத்திரை போடணும்னு பன்னெண்டு வருஷமா கத்தறேன். நீர் வயித்தையே தைச்சுக்கறேன்னு வந்து நிக்கறீர். போம், போய்த் தைச்சுண்டு வாரும். அப்புறம் என் வாசப்படி ஏறாதீர்."

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் அந்த ஆள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் எனக்கு வழி சொல்ல ஆள் இல்லாமல் போனது.

அவருடைய அக்கா பரிபூரணம், என் மதினி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அழுதாள். அழுது முடித்துத் தன் தெருவில் இருக்கிற சின்னப் பெருமாள் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தாள். தம்பி உயிரோடு திரும்பி வந்தால் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை சீனி.

"எதுக்கு மதினி சீனி? வாழைப்பழம், தேங்காய்னு நேந்திருக்கலாம்லா?"

"உனக்குத் தெரியாதுட்டி. அவன் ஒடம்புல இருக்கது சீனிதானே? அம்புட்டையும் சாமிகிட்டயே குடுத்திட்டா ஒடம்புல எங்கன இருக்கும்?"

கேட்கக் கேட்க எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மெட்ராஸில் ஆபரேஷனுக்கு முன்னால் பதினைந்து நாள் தண்ணீராகாரம் மட்டும். பருப்புத் தண்ணீர், மோர், வடிகட்டிய சூப்பு. ஈரல் சுருங்கினால்தான் கத்தி வைக்க இடம் கிடைக்குமாம். சீனியை இறக்கத் தினமும் ஊசி. ஒரு குழாயைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்து ஏறும். இவர் அதையும் எடை போடுகிற மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ரெண்டு பந்து ஏறிருச்சு, மூணாவது மக்கர் பண்ணுது" என்பார். ஒரு நாள் தலையணைக்கு அடியில் ஒரு பன்னைக் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கட்டில்காரருடையது என்று சத்தியம் செய்தார். பக்கத்துக் கட்டிலில் ஆளே இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரத்தில், இந்த மனுஷன் திரும்பி வரட்டும், எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று வேண்டினேன். வந்துவிட்டார். எலுமிச்சம்பழம் அளவுக்கு வயிற்றை வைத்துத் தைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு இருமினார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருமல் மருந்து மூடியில் ஒரு மூடி தண்ணீர். அதுதான் சாப்பாடு. முன்னால் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு இட்லி சாப்பிட்ட மனுஷர் அந்த மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சுவதைப் பார்த்து நான் வெளியே போய் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குத்தான் வினை. நான் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். அந்த நேரத்தில் வார்டு டாக்டரம்மா வந்து இவரிடம் எல்லாம் சொல்லி, ஒரு இங்கிலீஷ் காகிதத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ரயில் செங்கல்பட்டு தாண்டியதும் இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா சொன்னாக. சீனி மாத்திரை இப்பம் வேண்டாமாம்."

"ஆமா, சொல்லுவாக."

"நெசமாட்டி. சாப்பாடு கொறைஞ்சிருச்சுல்லா, மாத்திரை போட்டா சீனி ரொம்ப இறங்கிருமாம். ஊருல சீனி டாக்டரைப் பாத்து அவர் சொன்னாப் போடணுமாம். பொறவு..."

"பொறவு?"

என் முகத்தைப் பார்த்தார். "வேர்த்து நடுங்குச்சுன்னா ஒரு கரண்டி சீனிய வாயில போடச் சொன்னாக."

நான் சிரித்த சிரிப்பில் பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்தும் இந்த ஆசை போகவில்லையே! மாத்திரை வேண்டாமாம், சீனி வேணுமாம். பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை. டாக்டரம்மா பேரில் வேறு.

"நல்லாச் சொன்னாக. அப்பிடியே மைசூர்பாவும் தின்னச் சொன்னாகளா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இங்கிலீஷ் காகிதத்தை எக்ஸ்ரே உறைக்குள் மடித்து வைத்தேன். எங்கள் தெருவில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவர் சொன்னது பொய் என்பதில் எனக்கு அத்தனை உறுதி.

வீட்டுக்கு வந்த மறுநாளே மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவோ அவ்வளவு. முழு மாத்திரை இறங்காது என்று அம்மியில் நுணுக்கி, மூடித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். முதல் நாள், "வேண்டாம்னாக வெள்ளத்தாயி" என்றார். இரண்டாம் நாள் பேசாமல் குடித்தார். துளசிச் செடிப் பக்கம்கூடப் போகவில்லை. ஆபரேஷன் ஆளைத் திருத்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எடை இறங்கியது. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போய்ப் பிளாட்பாரத் தராசில் ஏறுவார். நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்தேழு. காலில் புண் ஆறியது. மல்லாந்து படுத்துத் தூங்கினார். சட்டை தொங்கியது, கழுத்துத் தோல் தொங்கியது. அதெல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் பகல் பதினோரு மணி வாக்கில் ஆள் மாறிப்போய்விடுவார். சும்மா உட்கார்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து, வாசற்கதவு எங்கே என்று கேட்பார். கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்பார். ஒரு நாள் கஞ்சி மூடியைத் தட்டிவிட்டு என்னைக் கண்டபடி திட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித் திட்டியதில்லை. இன்னொரு நாள் கொடியில் காய்கிற என் சேலையைப் பார்த்து, "அம்மா வந்திருக்கா" என்று அழுதார். மாமியார் செத்துப் பதினாலு வருஷம். உடம்பெல்லாம் தெப்பமாக நனைந்திருக்கும். கஞ்சித் தண்ணீரோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால், ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதிர்வீட்டு முத்துப்பேச்சி மயக்க மருந்து மூளைக்கு ஏறியிருக்கும் என்றாள். காத்து கருப்பு அண்டியிருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றாள் பால்காரி. சுற்றிப் போட்டேன். மெட்ராஸ் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸுந்தரராஜன் டாக்டரிடம் போவோம் என்றால் இவர் ரோஷம் விடவில்லை. என் கணக்கெல்லாம் ஒன்றுதான்: மாத்திரை சரியாகப் போகிறது, இனிப்பு ஒரு துளி வீட்டில் இல்லை, அப்புறம் ஏன் இப்படி?

மதினிக்குத்தான் பதில் தெரிந்திருந்தது. "நேந்துகிட்டு மூணு மாசமாச்சு. சாமி எம்புட்டு நாளு பொறுக்கும்? அதான் ஆட்டி வைக்கிது." இதுவும் எனக்கு நியாயமாகப் பட்டது. எல்லாருடைய பேச்சும் நியாயமாகப் படுகிற ஒரு புத்தி அப்போது எனக்கு வந்திருந்தது. அவர் ரயிலில் சொன்ன பேச்சு ஒன்றுதான் நியாயமாகப் படவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். எந்த எடைக்குச் சீனி என்பதில் ஒரு தகராறு. நேர்ந்தபோது இருந்த நூற்று நாற்பத்தாறுக்குக் கொடுப்பதுதான் முறை என்றாள் மதினி. "சாக்கு கழிச்சுத்தான் எடை அக்கா. இல்லாத ஒடம்புக்கு எப்பிடிக் குடுக்க?" என்றார் இவர். கடைசியில் கோயில் பட்டரைக் கேட்டோம். "உட்கார்ற தேகத்துக்குத்தான் எடை" என்று தீர்ப்புச் சொன்னார். இவருக்கு அதில் ஒரு பெருமை. ஜெயித்துவிட்டாராம்.

அந்தக் கோயிலில் தராசு கிடையாது. பஞ்சுக் கடையில் சும்மா கிடந்த பழைய தூக்குத் தராசை முதலாளி கொடுத்தார். இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு முள். அதையும் மூன்று மூட்டைச் சீனியையும் வேனில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். நேர்த்தி முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடக் கூடாது என்று மதினி சொல்லியிருந்தாள். இவர் சரி என்றார். ஆனாலும் கிளம்புகிற நேரத்தில் நான் மாத்திரையை நுணுக்கிக் கொடுத்தேன். சாமி காரியம் என்றாலும் மாத்திரை மாத்திரைதானே என்றேன். மூடியை வாங்கிக் குடித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

எட்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டிய காரியம். மூன்றாம் சனிக்கிழமைக் கூட்டம். பட்டர் வர நேரமாயிற்று. தராசைத் தொங்கவிட மண்டபத்து உத்தரத்தில் போட்ட கயிறு வழுக்கியது. அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். பத்தரை மணிக்குத்தான் இவரை ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள். மாலை போட்டுச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் வெள்ளைத் துணி விரித்து மூட்டையை அவிழ்த்து மரக்காலால் அள்ளிப் போட்டார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது.

"மெதுவாப் போடுங்க. தட்டு ஆடுனா முள்ளு நிக்காது" என்று உட்கார்ந்தபடியே அதிகாரம் பண்ணினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வேலையில் அவர் இருக்கிறார், ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

சீனி குவியக் குவிய அவர் தட்டு தரையை விட்டு எழும்பியது. இன்னும் ஒரு மரக்கால். இன்னும் அரை. முள் நடுவுக்கு வந்து நின்றது. கூட்டம் கோவிந்தா போட்டது. பட்டர், "ஓய், நீரே சொல்லும், எத்தனை கிலோ?" என்றார் விளையாட்டாக.

இவர் முள்ளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் கடையில் நூற்றுப் பதினெட்டு. அவருக்குத் தெரியாதா? எடையில் அவர் விளையாட மாட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனேன். மாலைக்குக் கீழே சட்டையில்லாத மார்பு முழுக்க வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. காது நுனியிலிருந்து சொட்டியது. கை நடுங்கிய நடுக்கத்தில் தராசுச் சங்கிலி கிணுகிணு என்றது.

"ஏங்க, இங்க பாருங்க. நான் யாரு?"

"அம்மா" என்றார். பிறகு கண்ணைச் சுழற்றி எதிர்த்தட்டைப் பார்த்தார். "சீனி" என்றார். "சீனி குடு."

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியாட்டி, சாமிக்கு முன்னாடியும் இவன் நாக்கு அடங்கலியே!" கூட்டம் இன்னும் சிரித்தது.

ரயில் சத்தம் என் காதில் கேட்டது. நெசமாட்டி. வேர்த்து நடுங்குச்சுன்னா ஒரு கரண்டி சீனி.

அந்த இரண்டு நிமிஷம் நான் பட்ட பாட்டை இன்று வரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அவர் சொன்னது பொய் என்றால், இப்போது சீனியைக் கொடுத்தால் என் கையாலேயே ஆளைக் கொன்றுவிடுவேன். பன்னிரண்டு வருஷம் ஒரு விரல் நுனி இனிப்பு தராமல் காத்த உயிர். அவர் சொன்னது மெய் என்றால்? அப்படியென்றால் தினமும் காலையில் அம்மியில் நுணுக்கி நான் கொடுத்தது என்ன? கதவைத் தேடி நின்றதும், சேலையைப் பார்த்து அழுததும், எல்லாம் என் கைவேலையா? ஒரு பக்கம் பார்த்தால் இது சரி. மறுபக்கம் பார்த்தால் அது சரி. எதிரே நூற்றுப் பதினெட்டுக் கிலோ சீனி மலையாகக் கிடக்கிறது.

அவர் தலை மார்பில் சாய்ந்தது. இந்த மனுஷன் எத்தனையோ விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறார். முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னதில்லை. நாற்பத்திரண்டு என்று அவர் வாய் சொல்கிறது என்றால், சொல்வது அவர் இல்லை. அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன்.

எதிர்த்தட்டுக்குப் போய் ஒரு கை அள்ளினேன்.

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி! அது சாமிக்குள்ளது! சீனிக்காரன் வாயில சீனியப் போட்டுக் கொல்லப் பாக்கியா?"

"விடுங்க மதினி! கொல்லுததுன்னா நான் எப்பவோ கொல்லத் தொடங்கியாச்சு!"

அவளைத் தள்ளினேன். என்னை விட மூத்தவளைத் தொட்டுத் தள்ளியது அதுதான் முதல் தடவை. அவர் தாடையைத் திறந்து, அன்றைக்கு லட்டை நோண்டிய அதே விரலால் கன்னத்துக்கு உள்பக்கம் சீனியை அப்பித் தேய்த்தேன். நாக்கு மெதுவாக அசைந்தது. இன்னும் ஒரு கை அள்ளினேன். கீழே சிந்தியது, மாலையில் ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை. பட்டர் என்ன நினைத்தாரோ, தீர்த்த வட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஒவ்வொரு சொட்டாக அவர் உதட்டில் விட்டார். "முழுங்கும், முழுங்கும்" என்று அவரே கெஞ்சினார்.

பத்து நிமிஷம் இருக்கும். பெருமாளே, இது மெய்யாக இருக்கட்டும் என்று வேண்டினேன். மெய்யாக இருந்தால் நான்தான் பாவி என்று ஆகும். ஆகட்டும் என்று வேண்டினேன்.

முதலில் சங்கிலிச் சத்தம் நின்றது. பிறகு கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் முள்ளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஏட்டி வெள்ளத்தாயி, அந்தத் தட்டுல இருந்து சீனிய எடுத்தியா?"

"ஆமாங்க."

"எடுத்து எங்க போட்ட?"

"உங்க வாயில."

"அங்க எடுத்து இங்க போட்டா ரெண்டு மடங்கு வித்தியாசம் வரும். சாமிக்குக் கொறையுது பாரு. மூட்டையில இருந்து போடச் சொல்லு."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தெருவே பார்க்க அழுதேன். மதினி மூட்டையின் அடியில் கிடந்த சீனியை வழித்து, எடுத்த இரண்டு கைக்குப் பதில் ஒரு மரக்கால் போட்டாள். பட்டர் தட்டில் சிந்திக் கிடந்த சீனியில் ஒரு நுள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கடைசியாக அவரே ஒரு பிடி சீனியை ஒரு துண்டு வாழையிலையில் மடித்து என்னிடம் கொடுத்து, "வழியில வேண்டியிருக்கும்" என்றார். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வேனை ஸுந்தரராஜன் டாக்டரிடம் விடச் சொன்னேன். எக்ஸ்ரே உறையை எடுக்க முதலில் வீட்டில் நிறுத்த வேண்டும். அந்தக் காகிதத்தை டாக்டர் படித்ததும், படித்துவிட்டு என்னைக் கேட்ட கேள்விகளும், பாட்டில் ஏற்றி அவரை இரண்டு நாள் படுக்க வைத்ததும் பின்னால் நடந்தவை. இவர் வாயில் வந்த ஒவ்வொரு வார்த்தையும் அதில் அப்படியே இங்கிலீஷில் இருந்ததாம். வேனில் போகும்போது அது எனக்குத் தெரியாது. அவர் பிழைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் எதை நம்புவது என்று என் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை.

"ரயில்லயே சொன்னீகளே. நான் நம்பலியே" என்றேன்.

"நீ எப்பிடி நம்புவ? பன்னெண்டு வருசமா நான் சொன்னதுல எது மெய்யி?"

"பொறவு ஏன் பேசாமக் குடிச்சீக? செடியில ஊத்தியிருக்கலாம்லா?"

"நீ அம்மியில நுணுக்குத சத்தம் கேக்கும். குடிச்சேன்னு சொல்லிச் செடியில ஊத்த மனசு வரல, பொய் சொல்லுதது போதும்னு இருந்துச்சு" என்றார்.

ராஜபாளையத்து மில் சுவர்கள் வரத் தொடங்கின. அவர் என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளத்தாயி, இன்னொரு நுள்ளு சீனி இருக்கா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்வை காய்ந்திருந்தது. கையைப் பார்த்தேன். நடுக்கம் இருக்கிற மாதிரியும் இருந்தது, வேன் ஆடுகிற மாதிரியும் இருந்தது. வியாதி கேட்கிறதா, அந்தப் பழைய நாக்கு கேட்கிறதா? எத்தனை உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

"நெசமாவா?" என்றேன்.

"நெசமாத்தான்" என்றார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.